ஊர்தி மாறுகிறது, உள்ளம் மாறவில்லை!

தில்லி தன் தாக்குதல் உலங்கு வானூர்திகளை மாற்றிக்கொண்டிருக்கின்றது. சோவியத்து ஒன்றியத்தில் வாங்கிய மி-25, மி-35 ஊர்திகள் மூத்துவிட்டனவாம். 1999 கார்கில் போரில் அம்மலையுயரத்தில் நின்று போரிட அவற்றுக்கு இயலவில்லையாம். ஆகவே 2015இல் அமெரிக்காவின் அப்பாச்சி ஊர்திகள் 22 வாங்க ஒப்பந்தம். 2025 மார்ச்சில், உள்நாட்டிலேயே செய்யும் 156 ஊர்திகளுக்கு ஏறத்தாழ 62,700 கோடி உருபா ஒப்பந்தம்.

அயலானிடம் கையேந்தாமல் தானே செய்துகொள்வது நன்றே. ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் இறங்கி எழவல்ல ஊர்தியைச் செய்த கைகளை எவரும் பழிப்பாரல்லர். ஆனால் அதற்கு இட்ட பெயர் 'பிரசண்ட்'! அதற்கு முன் வந்தவை 'துருவ்', 'ருத்ரா'! மம்சாபுரத்து உழவனின் வரிப்பணமும் அந்தக் கோடிகளில் கலந்தே கிடக்கின்றது. அவன் தாய்மொழியில் ஓர் ஊர்திக்கேனும் பெயருண்டா? 'வல்லூறு' என்று அழைத்தால் பறக்காதோ? வடசொல்லை ஒட்டினால்தான் விசிறி சுழலுமோ?

பெயர் கிடக்கட்டும். மூத்துப்போன மி-25இன் கதையைத் தில்லி முழுமையாகச் சொல்லுமா? 1987இல் 'அமைதிப்படை' என்ற பெயரைச் சூடிக்கொண்டு ஈழத்தில் புகுந்தபோது, யாழ்ப்பாணத்து வானில் சுட்டுக்கொண்டு பறந்தவை இவ்வூர்திகளே! கார்கில் மலையில் ஏறாத குறையைக் கணக்கில் எழுதினார்கள். தமிழர் தலைக்குமேல் பறந்த குற்றத்தை எந்தக் கணக்கில் எழுதினார்கள்? புதிய ஊர்திகள் அவ்வழி மீண்டும் செல்லா என்று எந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்கள்?