நேர்த்திக்கடனும் நன்றிக்கடனும்

தை மாதத்துப் பூச நட்சத்திரத்தில் மலரும் தைப்பூசம், அன்னை பராசக்தி தம் திருமகன் முருகப் பெருமானுக்கு வேல் வழங்கிய நன்னாளாகப் போற்றப்படுகிறது. வேலேந்திய பெருமானைக் கொண்டாடும் இந்நாள், அவ்வேலை ஈந்த தாயையும் நினைவூட்டும் திருநாளாக அமைந்திருப்பது சிந்திக்கத்தக்கது.

தைப்பூச விடுமுறை வந்துவிட்டால் மலேசிய இந்துக் குடும்பங்கள் ஒன்றுகூடுகின்றன. வெளியூரில் பணிபுரியும் பிள்ளைகள் இல்லம் திரும்புகின்றனர். பத்துமலை, பினாங்கு தண்ணீர்மலை, ஈப்போ கல்லுமலை ஆகிய திருத்தலங்களை நோக்கி மக்கள் வெள்ளம் திரள்கிறது.

அங்கே செலுத்தப்படும் பால்குடமும் காவடியும் நேர்த்திக்கடன் எனப்படுகின்றன. பெற்றுக்கொண்ட அருளுக்கு ஈடாகச் செலுத்தப்படுவதால் அது கடனாயிற்று. ஆயின், பல இல்லங்களில் நேர்ந்துகொண்டவர் ஒருவர். காவடி சுமப்பவர் மற்றொருவர். காய்ச்சலில் துவண்ட குழந்தையின் தலைமாட்டில் அமர்ந்து, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தவள் தாயாகவோ பாட்டியாகவோ இருப்பாள். அக்குழந்தை வளர்ந்து காவடி எடுக்கும் வேளையில், அவள் படியேற இயலாமல் அடிவாரத்தில் காத்திருப்பாள். அல்லது, கூட்டத்தில் அலைய வேண்டாமென்று வீட்டிலேயே விடப்பட்டிருப்பாள். எதற்காக இக்காவடி என்பதையே அறியாமல் அதைச் சுமக்கும் இளைஞரும் உளர். வேண்டுதல் நிறைவேறுகிறது, வேண்டியவள் மறக்கப்படுகிறாள். இது பக்திக்கு அழகாகுமா?

பத்துமலையின் வரலாறும் இதே கேள்வியை எழுப்புகிறது. தம்புசாமிப் பிள்ளை அக்குகையில் முருகனுக்குக் கோயில் கண்டார். 1892 முதல் அங்குத் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. 1920-இல்தான் மரப்படிகள் அமைந்தன. இன்றைய 272 படிகளில் ஏறுவோர், படியே இல்லாத காலத்தில் அம்மலையில் ஏறிய அடியார்களை எண்ணிப் பார்க்க வேண்டும். தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டிப் பெற்ற சொற்பக் கூலியிலும் ஒரு பங்கைக் கோயிலுக்கென ஒதுக்கிய தலைமுறையின் தியாகத்தில் விளைந்ததே இன்றைய சிறப்பு. விடுமுறையும் எளிதில் வந்ததன்று. கோலாலம்பூருக்கும் புத்ராஜெயாவுக்கும் தைப்பூசப் பொது விடுமுறை 2008-ஆம் ஆண்டில்தான் கிட்டியது. அதற்கு முன் தலைநகரில் பணியாற்றிய அன்பர்கள் பலர், விடுப்புக் கேட்டுப் பெற்றே முருகனைத் தரிசிக்க வேண்டியிருந்தது.

நன்றிக்குரியோர் நம் கண்முன்னும் நிற்கின்றனர். இரவெல்லாம் விழித்திருந்து தண்ணீர்ப் பந்தலில் மோர் வார்ப்போர், அன்னதானத்திற்குக் காய்கறி நறுக்கும் மாதர், மயங்கி விழுவோரைத் தாங்கும் முதலுதவிப் படையினர், விழா முடிந்தபின் மலைபோல் குவிந்த குப்பையை அள்ளும் தொழிலாளர் ஆகியோரின் உழைப்பின்றித் திருவிழா ஏது? மோர் அருந்திய குவளையை வீதியில் வீசிச் செல்லும் கை, இறைவன் முன் குவிவதால் என்ன பயன்?

செய்ந்நன்றியறிதல் என்பதற்குத் தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவப் பெருந்தகை. அந்நெறியை இல்லத்தில் பயில இவ்விடுமுறை நல்வாய்ப்பாகும். காவடியோ பால்குடமோ எடுக்கும் பிள்ளையிடம், அவ்வேண்டுதல் யாரால், எந்நிலையில் செய்யப்பட்டது என்பதைப் பெற்றோர் எடுத்துரைக்கட்டும். விரதம் தொடங்குமுன் அப்பிள்ளை முதியோரின் பாதம் பணியட்டும். மலையேற இயலாத பாட்டியை அடிவாரம் வரையேனும் அழைத்துச் சென்று, நிழலான இடத்தில் அமர்த்தி, குடும்பத்தில் ஒருவர் உடனிருக்கட்டும். அதுவும் இயலாதெனில், வீடு திரும்பியதும் முதல் திருநீற்றை அவர் நெற்றியில் இட்ட பின்னரே மற்றவர் உணவருந்தட்டும்.

மலைமேல் செலுத்திய நேர்த்திக்கடன், இல்லத்தில் செலுத்தும் நன்றிக்கடனால்தான் முழுமை பெறும். தாயின் கையால் வேல் பெற்ற தண்டாயுதபாணி, தாயரைப் போற்றும் இல்லங்களில் என்றும் அருள்புரிவானாக!