பழசு வாங்கினால் கேவலமா?



"ஐயே... செகண்ட் ஹேண்டா?"

வகுப்பில் யாராவது பழைய போனோ, பழைய வீடியோ கேமோ வாங்கியதாகச் சொன்னால், இப்படி ஒரு குரல் கட்டாயம் கேட்கும். நாலு பேர் சிரிப்பார்கள். சொன்னவன் முகம் வாடிப் போகும். இப்படிச் சிரிப்பது சரிதானா? கொஞ்சம் யோசித்துப் பார்ப்போமா?

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது ஐயம்பேட்டை. பட்டு நெசவு நடக்கும் ஊர். அங்கே யாரும் நைந்துபோன பட்டுப்புடவையைக் குப்பையில் போட மாட்டார்கள். ஏன் தெரியுமா? அதில் ஜரிகை இருக்கிறதே! அசல் ஜரிகை என்பது, பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. அந்த வெள்ளிக்காகவே பழைய பட்டுப்புடவை வாங்கும் வியாபாரிகள் உண்டு. புடவை பழசாகலாம், வெள்ளி பழசாகுமா?

மின்னணு சாமான்களும் அப்படித்தான். போனுக்குள் துளித் துளியாகத் தங்கம், வெள்ளி, செம்பு எல்லாம் இருக்கின்றன. ஜப்பானில் 2017 முதல் 2019 வரை, மக்களிடம் இருந்து பழைய மின்னணு சாமான்களைச் சேகரித்தார்கள். அவற்றில் சுமார் 62 லட்சம் கைபேசிகளும் இருந்தன. மொத்தத்தில் 32 கிலோ தங்கமும், 3,500 கிலோ வெள்ளியும் கிடைத்தன. டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களை அவற்றில் இருந்துதான் செய்தார்கள். 2021ல் ஈட்டி எறிந்து நம் நீரஜ் சோப்ரா வென்ற தங்கப் பதக்கமும் அவற்றில் ஒன்று. அந்தப் பதக்கமும் நம் ஜரிகை போலவே, உள்ளே வெள்ளி, மேலே தங்க முலாம்!

ஆனால், உடைத்து உலோகம் எடுப்பது கடைசி வேலை. ஓடுகிற பொருளை உடைப்பானேன்? இன்னொருவர் பயன்படுத்தலாமே! இதையே தொழிலாகச் செய்யும் கடைகள் இருக்கின்றன. லண்டனில் 1992ல் தொடங்கிய 'சி.இ.எக்ஸ்.' நிறுவனம், பழைய கேம்களையும் போன்களையும் வாங்கி, சோதித்து, பல ஊர்க் கிளைகளில் விற்கிறது. நம் நாட்டில் 2013ல் தொடங்கிய 'கேஷிஃபை' நிறுவனம் பழைய போன்களை வாங்கி விற்கிறது. சென்னை ரிச்சி தெருவில் பழைய கம்ப்யூட்டரும், உதிரி பாகங்களும் கிடைக்கும்.

இதனால் யாருக்கு லாபம்? ஒரு பட்டுப்புடவை நெய்து முடிக்கப் பல நாட்கள் ஆகும். அந்தக் கூலியில் குடும்பம் நடத்தும் அப்பாவிடம், புது லேப்டாப் கேட்க முடியுமா? நல்ல நிலையில் உள்ள பழைய லேப்டாப் கிடைத்தால், அந்த வீட்டுப் பிள்ளை படித்துவிடுவான். நம் கேலிக்குப் பயந்து அவன் வாங்காமல் விட்டால், நஷ்டம் யாருக்கு? இல்லை, அப்பா கடன் வாங்கிப் புதுசு வாங்கினால், வட்டி கட்டுவது யார்? சிரிப்பவர்களா கட்டப் போகிறார்கள்?

குப்பையும் குறையும். 2022ல் மட்டும் உலகம் முழுவதும் சேர்ந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அறிக்கை. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது கால் பங்குகூட இல்லை.

"பழசு என்றால் ஏமாற்றிவிடுவார்களே?" என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்விதான். அதற்காகத்தான் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

பழைய போன் வாங்கும்போது, பெரியவர்களோடு போங்கள். பில் கேட்டு வாங்குங்கள். போனில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் வரும். அரசின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் அதைப் பதிந்து பார்த்தால், தடை செய்யப்பட்ட போனா என்று தெரியும். விலை மலிவு என்று திருட்டுப் போனை வாங்கினால், திருடனுக்கு நாமே சம்பளம் கொடுத்த மாதிரி!

விற்கும்போது, வீட்டுப் புகைப்படங்கள், கணக்குகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுங்கள். பழைய துணிக்குப் பாத்திரம் வாங்கும்போது அம்மா எப்படிப் பேரம் பேசுகிறார்? அதுபோல இரண்டு, மூன்று இடங்களில் விலை கேளுங்கள்.

வீடியோ கேம் பிரியர்களுக்கு ஒரு சேதி. தட்டில் வாங்கிய கேமை ஆடி முடித்ததும் விற்கலாம், நண்பனுக்குக் கொடுக்கலாம். டவுன்லோடு செய்த கேமைப் பொதுவாக அப்படி விற்க முடியாது. காசு கொடுக்கும் முன் இதையும் யோசியுங்கள்.

இன்னொன்று. பழசை வாங்க ஆள் இருக்கிறது என்பதற்காக, நன்றாக ஓடும் போனைக் கொடுத்துவிட்டு ஆண்டுதோறும் புதுசு கேட்டு அடம் பிடிக்காதீர்கள். கையில் இருப்பதைக் கடைசி வரை பயன்படுத்துவதே முதல் சிக்கனம்.

திருடி வாங்கினால் கேவலம். கடன் வாங்கிப் பகட்டினால் கேவலம். உழைத்த காசில், யோசித்து, பழசு வாங்கினால் அது கெட்டிக்காரத்தனம். இனி வகுப்பில் யாராவது "செகண்ட் ஹேண்டா?" என்று சிரித்தால், நீரஜ் சோப்ராவின் பதக்கக் கதையைச் சொல்லுங்கள். என்ன, சொல்வீர்கள்தானே?