ஐஸ் எந்தத் தண்ணி?

போன சித்திரையில் வில்லியனூர் போயிருந்தேன். திருக்காமீஸ்வரரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், மண்டையைப் பிளக்கிற வெயில். ஒரு கடையில் கோல்டு காபி கேட்டேன். "ஒரே நிமிஷம்ணே" என்ற பையன், ஓரமாகக் கிடந்த ஈரச் சாக்கை விலக்கினான். உள்ளே ஐஸ் பார். சுத்தியால் ரெண்டு போடு! சிதறியதைக் கையாலேயே அள்ளி டம்ளரில் போட்டு, ஆவி பறக்கும் காபியை மேலே ஊற்றினான். ஐந்தே நிமிடம். என் கையில் இருந்தது காபி கலரில் தண்ணீர்!

நான் படித்தது பி.காம். விஞ்ஞானம் தூரத்துச் சொந்தம்தான். ஆனால், கணக்கு விடுமா? ஒரு கிராம் ஐஸ் உருகி 5 டிகிரிக்கு வர 85 கலோரி வெப்பம் வேண்டும். 150 மில்லி காபியை 80 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறக்க 11,250 கலோரியை உறிஞ்ச வேண்டும். வகுத்துப் பாருங்கள்... சுமார் 130 கிராம் ஐஸ் தண்ணீராகிவிடும். பாதிக்குப் பாதி கலப்படம்! அதே காபியை ஃப்ரிட்ஜில் வைத்து 10 டிகிரிக்குக் கொண்டுவந்திருந்தால், 9 கிராம் ஐஸ் போதும். அதையும் பெரிய கட்டியாகப் போட்டால் மெள்ள உருகும். நொறுக்கிய ஐஸ் நாலாபுறமும் சூட்டை வாங்கிச் சட்டென்று கரைந்துவிடும்.

"ரெண்டு ரூபா லாபத்துல இதெல்லாம் ஆவுமா சார்?" என்பார்கள். ஏன் ஆகாது? பால் பாக்கெட் வைக்க ஃப்ரிட்ஜ் இருக்கிறதே, அதில் ஒரு பாத்திரம் டிகாக்‌ஷனுக்கு இடமில்லையா? ஆறவைத்த கொதிநீரில் நாலு கிண்ணம் ஐஸ் போட என்ன செலவு?

சரி, ருசி போனால் போகட்டும். உடம்பு? மீன் பெட்டிக்காகத் தயாராகும் ஐஸ் பாரும் அதே வெள்ளை, ஜூஸ் கடைக்கு வருவதும் அதே வெள்ளை. எது எதுவென்று உங்களால் சொல்ல முடியுமா? உறைந்தால் கிருமி செத்துவிடும் என்பது நம்மூர் மூடநம்பிக்கைகளில் ஒன்று. டைபாய்டும் மஞ்சள்காமாலையும் ஐஸுக்குள் பத்திரமாகத் தூங்கி, உங்கள் வயிற்றில் கண் விழிக்கும்.

சென்னை மெரினாவில் 1842-ல் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி, மரத்தூளில் பொதிந்து கப்பலில் வந்தது. துரைமார்களுக்கு டம்ளரில் மிதப்பது எந்த நாட்டுத் தண்ணீர் என்றாவது தெரிந்திருந்தது. நமக்கு, பக்கத்துத் தெருவில் உடைக்கும் கட்டி எந்தத் தண்ணி என்று தெரியாது!

மகாராஷ்டிராவில் 2018-ல் ஒரு உத்தரவு போட்டார்கள். சாப்பிடக் கூடாத ஐஸுக்கு நீலச் சாயம் கலக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற எச்சரிக்கை. வில்லியனூரிலும் பாகூரிலும் ஐஸ் ஏற்றிப்போன எத்தனையோ வண்டிகளைப் பார்த்துவிட்டேன். ஒரு நீலக் கட்டி என் கண்ணில் பட்டதில்லை. அதிகாரிகளே, ஒரு சிட்டிகைச் சாயம்தானே? அதற்குமா பட்ஜெட் வேண்டும்?

அந்தப் பையனைத் திட்டாதீர்கள். அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நாமும் கேட்கவில்லை. "காபித்தூள் எந்த கம்பெனி?" என்று விசாரிக்கிற நாம், அடுத்த முறை இதையும் கேட்போம்...

"தம்பி, ஐஸ் எந்தத் தண்ணி?"