ஆராய்ச்சியும் ஆரணிக் குழந்தைகளும்

குழந்தைகளின் வளர்ச்சியைப் பற்றிய ஆராய்ச்சிகள் பெருகி வருவது சந்தோஷிக்கத்தக்க விஷயமே. ஆனால், எவருடைய குழந்தைகளை ஆராய்ந்து எல்லாக் குழந்தைகளுக்கும் விதி வகுக்கிறார்கள் என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது. மனோதத்துவ ஆராய்ச்சிகளுக்கு உட்பட்டவர்களில் 96 சதவிகிதம் பேர், உலக ஜனத்தொகையில் 12 சதவிகிதமே கொண்ட தேசங்களைச் சேர்ந்தவர்கள் என்பதை 2010-ம் வருஷத்தில் அறிஞர்களே எடுத்துக் காட்டினார்கள்.

தூர தேசத்து விஷயமென்று இதை நாம் தள்ளிவிட முடியாது. பட்டு நெசவுக்குப் பேர்போன ஆரணியில் வீட்டில் ஸௌராஷ்டிர பாஷை பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. அவ்வீட்டுக் குழந்தைக்குத் தெரிந்த வார்த்தைகளைத் தமிழில் மட்டும் எண்ணினால் கணக்குக் குறையத்தான் செய்யும். குற்றம் சோதனையினுடையது, பழியோ குழந்தையின் புத்தியின்மேல் விழுகிறது. இரு பாஷைகளிலும் தெரிந்தவற்றைச் சேர்த்து எண்ணுவதே நியாயம்.

இத்தகைய குடும்பங்கள் ஆராய்ச்சிக்கு இணங்குவதில்லை, இணங்கினாலும் நிலைப்பதில்லை என்று குறை கூறுவோர் உண்டு. நெசவாளி தறியை விட்டு எழுந்தால் அன்றையக் கூலி குறைகிறது. காகிதமும் கையுமாக வந்து நிற்பவர், 1986-ம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் விசாரிக்க வந்த அதிகாரியோ என்று தாய் அஞ்சினால் அதில் வியப்பென்ன? அமெரிக்காவில் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, கறுப்பின ஏழைகளின் மேக நோய்க்குச் சிகிச்சை அளிக்காமலே ஆராய்ச்சி நடத்தினார்கள். அவநம்பிக்கை ஏழைகளின் அறியாமையால் மட்டும் பிறப்பதன்று.

வழி இல்லாமலில்லை. பிரிட்டனில் 2000-ம் வருஷத்தில் தொடங்கிய ஆராய்ச்சியில், சிறுபான்மை இனத்தார் மிகுந்த வட்டாரங்களிலிருந்து வேண்டுமென்றே அதிகக் குழந்தைகளைச் சேர்த்தார்கள். நமக்கு அருகிலுள்ள வேலூரில் வயிற்றுப்போக்குக் கிருமியைப் பற்றிய ஆராய்ச்சியொன்றில், பிறப்பிலேயே சேர்க்கப்பட்ட 452 ஏழைக் குழந்தைகளில் 373 பேர் மூன்று வருஷம் வரை நீடித்தார்கள். ஏழைகள் நிலைக்கமாட்டார்கள் என்ற வாதம் இதனால் அடிபட்டுப் போகிறது.

ஆகவே, ஆராய்ச்சியாளருக்கு நாம் கூறுவது இதுதான்: வீட்டு பாஷை அறிந்த உள்ளூராரை முதலில் அனுப்புங்கள். தறி ஓயும் வேளையில் செல்லுங்கள். இழந்த கூலியை ஈடு செய்யுங்கள். அறிந்ததை அதிகாரிகளிடம் ஒப்படைப்பீர்களா, மாட்டீர்களா என்பதை முன்னதாகவே தெளிவாகச் சொல்லுங்கள். முடிவு தெரிந்ததும் திரும்பி வந்து பெற்றோருக்கு எடுத்துரையுங்கள்.

தேச ஊழியர்களுக்கும் இதில் கடமையுண்டு. கணக்கில் சேராத குழந்தை திட்டத்திலும் சேராது. ஆராய்ச்சியாளருக்கும் நெசவாளருக்கும் இடையே நின்று, நியாயமான நிபந்தனைகளைப் பெற்றுத் தருவது அவர்கள் பொறுப்பு.