சுற்று தவறிய காடுகளில் இறங்குவோம், வாருங்கள்!

கூடலூர், பந்தலூர், குந்தா, கோத்தகிரி என்று எந்தப் பக்கம் போனாலும் தேயிலைத் தோட்டத்தில் ஒரே பேச்சுத்தான்: "சுற்று பிந்திப்போச்சு." கொழுந்து பொங்கும் மாதங்களில் எட்டு, பத்து நாளுக்கு ஒருமுறை ஏற வேண்டிய காடு வாரக்கணக்கில் ஆள் காணாமல் கிடக்கிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறிக்க வேண்டியது முற்றிப்போகிறது. முற்றிய இலையால் கூடை நிறையும், விலை நிறையாது. அடுத்த மாதம் அந்தக் கணக்கு நம் தலையில்தான் எழுதப்படும்.

போனவர்களைக் குறை சொல்லாதீர்கள். கவாத்துக் கத்தி பிடித்த அண்ணன்மார் வயதாகி ஓய்வு பெற்றார்கள். மருந்தடித்த தம்பிகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போனார்கள். ஃபேக்டரியில் வாடிய இலையைக் கையால் அமுக்கியே பதம் சொன்னவர் வீட்டில் இருக்கிறார். வயிற்றுக்காகப் போனவர்கள் துரோகிகள் அல்லர். ஆனால் அவர்கள் விட்டுப்போன வேலையை நாம் எப்படித் தூக்கப்போகிறோம்? இதை உடனே முடிவு செய்தாக வேண்டும்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்முன்னே சாட்சி இருக்கிறது. 1964 அக்டோபர் 30-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. அப்படித் தாயகம் திரும்பியவர்களின் பிழைப்புக்காக 1968-இல் அரசு தேயிலை நடத் தொடங்கியது. அதுதான் 1976-இல் டான்டீ என்னும் அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. 2022-இல் அதன் நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பித்தர ஆணை வந்தபோது, நட்டத்தோடு ஆள் பற்றாக்குறையும் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த நிலத்தில் செடி வைத்தவர்களின் பிள்ளைகள் இன்னும் லைன் வீடுகளில்தான் இருக்கிறார்கள். ஆள் ஏறாத காடு, நாளை யாருக்கும் வேண்டாத காடு என்று எழுதப்பட்டுவிடும் தோழர்களே!

ஆகவே கேளுங்கள். இருபது பேர் செய்த வேலையைப் பன்னிரண்டு பேர் மேல் ஏற்றி, எல்லாக் காட்டையும் அரைகுறையாகத் தொடுவது தற்கொலை. எந்தக் காடு முதலில், எந்தக் காடு பிறகு என்று, காலையில் ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் பேசித் தீர்மானிக்க வேண்டும். இன்னும் இளசாக இருக்கும் காட்டுக்கு முதலில் போவோம். கெட்டுப்போனதைக் காப்பாற்ற ஓடி, நல்லதையும் முற்றவிடுவதுதான் இப்போது நடக்கிறது.

முற்றிய காட்டை என்ன செய்வது? கத்தரியால் ஒருமுறை மட்டமாக வெட்டித் தள்ளிவிட்டுப் புதிய சுற்றைத் தொடங்கலாம். கவாத்துக்கு ஆண்டு முடிந்த காடாக இருந்தால் கவாத்தையே இப்போது எடுங்கள் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை எப்படியும் வெட்டியாக வேண்டிய செடிதானே! வெட்டிய காட்டில் சில மாதம் பறிப்பு இல்லை, அந்தக் கைகள் மற்ற காட்டுக்குக் கிடைக்கும். ஆனால் அவசரத்தில் வறட்சியில் வெட்டாதீர்கள். வேரில் மாவுச்சத்து இல்லாத செடி துளிர்க்காமல் பட்டுப்போகும். வெட்டியபின் மழை பிடித்தால் இளந்துளிரைக் கொப்புள நோய் தின்னும், தாமிர மருந்துக்கு ஆள் வேண்டும். அந்த ஆளையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அடுத்தது, இதைவிடப் பெரியது. ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போதே மூத்தவர் ஒவ்வொருவரோடும் இரண்டு இளையவர்களை விடச் சொல்லிக் கேட்போம். கிளையை எந்தச் சாய்வில் வெட்டினால் மழைநீர் தேங்காது, எந்தக் கட்டையை விட்டால் செடி விரியும் என்பதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும். அந்த நாட்களுக்கு முழுச் சம்பளம் வேண்டும். அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து நம்மோடு கொழுந்து எடுக்கும் பிள்ளைகளையும் அதில் சேருங்கள். அவர்கள் நம் வேலையைப் பறிக்க வந்தவர்கள் அல்லர், நம் சுமையில் பாதியைத் தூக்குகிறவர்கள்.

போனவருக்குச் சேர வேண்டியது சேராமல் புதிதாக யாரும் வரமாட்டார்கள். பணிக்கொடையை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அது நிலுவையில் கிடப்பவர் யார் யார் என்று லைன் லைனாகப் போய்ப் பட்டியல் எடுங்கள். காலியான இடங்களை நிரப்பும் கோரிக்கையும் அதே தாளில் இருக்கட்டும். ஆள் குறைந்தும் கிலோ இலக்கைக் கூட்டினால், அக்காமாரே, தனித்தனியாகச் சண்டை போடாதீர்கள். சேர்ந்து மறுப்போம்.

வரும் திங்கட்கிழமை காலை, வேலைக்குப் பிரியும் முன் அவரவர் பிரட்டுக்களத்தில் கூடுங்கள். உங்கள் காட்டின் நம்பர், கடைசியாகப் பறித்த தேதி, கவாத்து எடுத்த ஆண்டு, இந்த ஆண்டு ஓய்வு பெறப்போகிறவர் பெயர், இந்த நான்கையும் எழுதி எடுத்து வாருங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அன்றே ஆபீசுக்குப் போவோம்!