இதர செலவுக்குப் பெயர் வைப்போம்



நம் சென்னை மேற்குப் புறநகரில் பல வீடுகளில் ஒரே மாதம் இரண்டு தடவை பிறக்கிறது. ஆவடியில் எச்.வி.எஃப்., ஓ.சி.எஃப். என்ற ராணுவத் தொழிற்சாலைகளில் வேலை என்றால் மாதக் கடைசி வேலைநாளில் சம்பளம் வங்கியில் விழுந்துவிடும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை, மோல்டிங், ஏற்றுமதித் துணி கம்பெனி என்றால் ஏழாம் தேதி. 1936-ம் ஆண்டின் ஊதிய வழங்கல் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடங்களுக்கு ஏழாம் தேதியையும் மற்ற இடங்களுக்குப் பத்தாம் தேதியையும் கெடுவாக வைத்தது. கெடு வைத்தால் அதற்கு ஒரு நாள் முன்னால் யார் கொடுக்கப் போகிறார்கள்? 1960-களில் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைகளும் அம்பத்தூரில் எஸ்டேட்டும் வந்ததிலிருந்தே இந்த இரண்டு தேதிக் குடும்பங்கள் இங்கே உண்டு.

இப்படி ஒரு தம்பதியை நினைத்துக்கொள்ளுங்கள். மனைவிக்கு ஓ.சி.எஃப்.பில் 35,000 ரூபாய். கணவருக்கு எஸ்டேட்டில் 25,000. திருமுல்லைவாயிலில் வாடகை வீடு. வாடகை ஐந்தாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். பால் கணக்கு, ஸ்கூல் வேன், தண்ணி கேன், மளிகை, சீட்டு எல்லாம் முதல் வாரத்திலேயே வாசலில் வந்து நிற்கும். அத்தனையும் மனைவி சம்பளத்தில் போகிறது. ஏழாம் தேதி கணவர் சம்பளம் வரும்போது பெரிய செலவெல்லாம் முடிந்திருக்கும். வண்டி டியூ கட்டியது போக மீதி அவர் கணக்கில் தங்கி, பெட்ரோலாகவும் பழமாகவும் சாயங்கால பஜ்ஜியாகவும் கரையும்.

“என் சம்பளம் வந்த அன்னைக்கே காலி. உங்க சம்பளம் எங்கதான் போகுதுங்க?”

“நானும் வீட்டுக்குத்தானே செலவு பண்றேன்?”

இருவர் சொல்வதும் உண்மைதான். சண்டையை மூட்டிவிட்டது தேதி. இதற்குப் பரிகாரமும் எளிது. வீட்டு நோட்டில் மாதத்தை எட்டாம் தேதியில் தொடங்கினால் போதும். அதற்குள் இரண்டு சம்பளமும் வந்திருக்கும். இது யார் காசில் போனது என்று எழுதாமல், வீட்டுக்கு வந்தது 60,000 என்று ஒரே வரியில் எழுதலாம். முதல் மாதம் மட்டும் ஒரு வாரத்துக்குக் கை கடிக்கும். அதற்கென்று கொஞ்சம் எடுத்துவைத்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும்.

அடுத்தது, நோட்டில் என்னென்ன தலைப்பு போடுவது என்பது. இந்த விஷயத்தில் நம் பத்திரிகைத் தொழிலுக்கே ஒரு முன்னோடித் தம்பதி உண்டு. ஜப்பானில் ஹானி மோத்தோகோ என்ற பெண் பத்திரிகையாளரும் அவர் கணவர் யோஷிகாசுவும் சேர்ந்து 1903-ல் குடும்பப் பெண்களுக்காக ஒரு மாத இதழ் தொடங்கினார்கள். மறு ஆண்டே மோத்தோகோ வீட்டுக் கணக்கு நோட்டு ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். நூறு ஆண்டு தாண்டியும் அந்த நோட்டு வந்துகொண்டிருக்கிறது. காகேபோ என்ற பெயரில் இப்போது உலகமெங்கும் விற்கும் புத்தகங்களில் நாலே நாலு கட்டம்தான்: அவசியம், விருப்பம், பண்பாடு, எதிர்பாராதது. பண்பாட்டுக்கு, அதாவது புத்தகத்துக்கும் சினிமாவுக்கும், தனிக் கட்டம் வைத்தார்களே, அதற்காகவே பத்திரிகை நடத்துகிற நான் அந்தப் புத்தகக்காரர்களைக் கும்பிடுவேன்.

ஆனால் அந்த நாலு கட்டத்தை அப்படியே தூக்கி நம் வீட்டில் வைக்க முடியாது. மொய் எந்தக் கட்டம்? நாத்தனார் பெண்ணின் சடங்குக்குச் சீர் செய்வது அவசியமா, விருப்பமா? இதை மட்டும் கணவன் மனைவியிடம் விட்டுப் பாருங்கள், இரண்டு பதில் வரும்.

செல்போன் செயலிகளும் அப்படித்தான். உணவு, பயணம், பொழுதுபோக்கு, மற்றவை என்று யாரோ முடிவு செய்த பட்டியலைக் கொடுக்கும். ஒரு மாதம் எழுதிப் பார்த்தால் செலவில் பெரும்பகுதி ‘மற்றவை’யில் போய் உட்கார்ந்திருக்கும். நம் அம்மாக்கள் எழுதிய நோட்டில் அதற்குப் பெயர் ‘இதர’. வீட்டுச் சண்டைகள் பெரும்பாலும் அந்த வரியிலிருந்துதான் கிளம்புகின்றன என்பது என் எண்ணம். அரிசிக்கு ஆன செலவைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை.

ஆகவே முதலில் தலைப்பு போடாமல் இரண்டு மாதம் வெறுமனே எழுதுங்கள். பிறகு இருவரும் உட்கார்ந்து, எது எதோடு சேரும் என்று பார்த்து நீங்களே பெயர் வையுங்கள். சாப்பாட்டையே இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கலாம். மத்திய அரசின் 2023-24 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்புப்படி, இந்திய நகரங்களில் ஒருவர் செலவிடும் 100 ரூபாயில் ஏறக்குறைய 40 ரூபாய் சாப்பாட்டுக்குப் போகிறது. அதற்குள் பெரிய பங்கு அரிசிக்கும் இல்லை, காய்க்கும் இல்லை. பானம், பொட்டலத் தின்பண்டம், வெளிச்சாப்பாடு வகைக்கே சுமார் 11 ரூபாய். ‘மளிகை’ என்று ஒரே வரியில் எழுதுகிற வீட்டில் இது கண்ணில் படாது. ‘சமையல்’ என்றும் ‘கடைத்தீனி’ என்றும் பிரித்து எழுதிய வீட்டில் முதல் மாதமே தெரிந்துவிடும். தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அம்பத்தூர் ஓ.டி. பக்கம் சாயங்காலம் நடந்து வருகிறவருக்கு அந்த அறிவுரையைச் சொன்னால் எடுபடுமா?

மிச்சத்துக்கும் ஒரு வரி வேண்டும். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் 2021 மே மாதம் வந்தது. அதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. அது எங்கே போனது என்று கேட்டால் பலருக்கு விடை தெரியாது. பெயர் வைக்காததால் அதுவும் இதரவில் கலந்துவிட்டது.

இப்போது திடீர் செலவுக்கு வருகிறேன். நாம் திடீர் என்று சொல்வதில் பாதி திடீரே இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில், சொந்த வீடு என்றால் அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி, வருடத்துக்கு ஒருமுறை வண்டி இன்சூரன்ஸ், ஜூனில் ஸ்கூல் பீஸ், ஐப்பசியில் தீபாவளி. இவை வரும் என்று காலண்டருக்கே தெரியும். நம் தம்பதிக்கு இப்படி ஆண்டுக்கு 84,000 ஆகிறது என்று வைத்துக்கொண்டால், மாதம் 7,000 தனியாக எடுத்து வைத்துவிட வேண்டியதுதான். ஜூன் மாதம் நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோகும் வீடுகளில் பல, இந்த வரி நோட்டில் இல்லாத வீடுகள்.

இன்னொரு வகைக்குத் தேதி தெரியாது, வருவது மட்டும் நிச்சயம். பிரிட்ஜ் ஒருநாள் நின்றுபோகும், மிக்ஸி புகையும், வண்டிக்கு டயர் மாற்ற வேண்டும், தை பிறந்தால் பத்திரிகைகள் குவியும், மொய் எழுத வேண்டும். மழையையும் இந்த ஊர்க்காரர்கள் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எஸ்டேட்டுக்குள்ளேயே வெள்ளம் நின்றது. பட்டறையில் மெஷின் முழுகினால் சம்பளம் தள்ளிப்போகும். அதே வாரம் வீட்டில் வாஷிங் மெஷினும் வண்டி என்ஜினும் மெக்கானிக்கிடம் போகும். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு 6,000 ரூபாய் கொடுத்தது. வாங்கியவர்கள் நன்றியோடுதான் வாங்கினார்கள். ஆனால் அந்தத் தொகைக்கு ஒரு பிரிட்ஜ்கூட வராது. இந்த வகைக்கு மாதம் 4,000 ஒதுக்கினால் ஆண்டில் 48,000 சேரும். இந்தப் பணத்தை ஏலச் சீட்டில் போடாதீர்கள். சீட்டு நல்ல சேமிப்புதான், ஆனால் மோட்டார் எரிந்த அன்று சீட்டு எடுக்க முடியாது. தள்ளி எடுத்தாலும் கழிவு போய்விடும்.

மூன்றாவது வகைதான் உண்மையான திடீர். கடைக்குப் போன இடத்தில் கண்ணில் பட்டது, போனில் ஆஃபர் வந்தது, போனஸ் வந்ததும் ‘வந்த காசுதானே’ என்று டிவி வந்தது. ரிச்சர்ட் தேலர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1985-ல் இதைப் பற்றி எழுதினார். ரூபாய் ரூபாய்தான் என்றாலும், மனதுக்குள் நாம் அதைப் பல பைகளில் போட்டு வைத்து, ஒவ்வொரு பையிலிருந்தும் வேறு வேறு மாதிரி செலவு செய்கிறோம் என்றார். 2017-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எஸ்டேட்காரர்களுக்கு இது நோபல் இல்லாமலே தெரியும். 1965-ம் ஆண்டு போனஸ் சட்டம், பின்னாளில் வந்த திருத்தத்தால், குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்று வைத்தது. ஆண்டுக் கூலியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம் மாதிரி. கணக்கிடும் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருப்பதால், கைக்கு வருவது பலருக்கு அதைவிடக் குறைவு. அந்தக் குறைந்த தொகையை நம்பிப் புரட்டாசியிலேயே டிவிக்கு முன்பணம் கட்டிவிடுகிறோம்.

இங்கேதான் சிறுவாட்டைப் பற்றிப் பேசியாக வேண்டும். கடுகு டப்பாவிலும் அரிசிப் பானையிலும் நம் பெண்கள் சேர்த்த காசு எத்தனையோ திடீர் செலவுகளைச் சத்தமில்லாமல் தாங்கியிருக்கிறது. 2016 நவம்பர் 8-ம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, அந்த டப்பாக்களைக் கணவர் முன்னால் திறக்க வேண்டியதாயிற்று. சில வீடுகளில் சிரிப்பு, சில வீடுகளில் விசாரணை. அப்போது 2.5 லட்சம் ரூபாய் வரை வங்கியில் போட்ட இல்லத்தரசிகளின் பணத்தைக் கணக்கில் வராத வருமானமாகக் கருத முடியாது என்று ஆக்ராவிலுள்ள வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021-ல் ஒரு வழக்கில் சொன்னது. 2023 ஜூனில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி இன்னும் ஒரு படி மேலே போனார். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். சம்பளம் ஒருவருடையது மட்டும் என்றாலும் நோட்டு இருவருடையது என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு பலம்.

சிறுவாட்டை ஒழிக்க வேண்டாம், ஒளிப்பதை மட்டும் விட்டுவிடலாம். இருவருக்கும் மாதம் 2,500 கைச்செலவு. சம்பளம் யாருக்கு அதிகம் என்று பார்க்காமல் சரிசமமாக. அதற்குக் கணக்குக் கேட்கக் கூடாது. டீ குடிக்கட்டும், கிளிப் வாங்கட்டும், சேர்த்து வைத்துத் தம்பிக்குச் சட்டை எடுக்கட்டும். நம் தம்பதியின் 60,000 இப்படிப் பிரிகிறது: மாதச் செலவும் சீட்டும் டியூவும் 44,000, ஆண்டுச் செலவுக்கு 7,000, தேதி தெரியாததற்கு 4,000, கைச்செலவு இருவருக்கும் சேர்த்து 5,000. இதற்கு மேல் ஏதாவது வாங்க வேண்டுமென்றால் ஒரு தொகை பேசி வைத்துக்கொள்ளலாம். 1,500 என்று வையுங்களேன். அதைத் தாண்டினால் ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டு வாங்குவது. கேட்பது வேறு, சொல்வது வேறு. அனுமதி வாங்குகிற மாதிரி ஆகிவிட்டால் இரண்டாம் மாதமே மறைத்து வாங்கும் பழக்கம் திரும்பிவிடும். மாமனார் வீட்டு விசேஷம், அம்மா வீட்டு விசேஷம் இரண்டுக்கும் ஒரே வரி, ஒரே அளவு. இதை மட்டும் கோபமில்லாத நாளாகப் பார்த்து முன்கூட்டியே பேசிவிடுங்கள். பத்திரிகை வைக்க வந்தவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது அடுக்களையில் நின்று பேசக்கூடிய விஷயமில்லை அது.

நோட்டை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும், ஞாயிறு மதியம் வசதி. தினமும் பார்த்தால் அது ஆடிட் ஆகிவிடுகிறது.

அடுத்த இதழுக்கு உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு நோட்டில் ‘இதர’வை உடைத்து என்னென்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். ‘மாமியார் மருந்து’, ‘நாய்க்கு பிஸ்கட்’, ‘கோபத்தில் வாங்கியது’, எதுவாக இருந்தாலும் சரி. தொகை வேண்டாம், பெயர் மட்டும் போதும். கணவனும் மனைவியும் ஒரே கடிதத்தில் எழுதினால் இன்னும் சந்தோஷம்.

அன்புடன்,
ஆசிரியர்