நூலகங்கள் அருகருகே, நூலகர்கள் தொலைவிலே

புதுவையின் பாரதி பூங்காவைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தால் போதும்; இவ்வூர் எத்துணை பெரிய அறிவுச் செல்வத்திற்கு உரிமையுடையது என்பது விளங்கும். பிரெஞ்சு ஆட்சியில், 1827ஆம் ஆண்டில் தோன்றிய பொதுநூலகம் இன்று ரோமன் ரோலண்ட் நூலகம் என்ற பெயரோடு நிற்கிறது. சிறிது தொலைவில், 1955ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நூலகம் உள்ளது. அங்கு எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட ஓலைச்சுவடிக் கட்டுகள் காக்கப்படுகின்றன. புதுவையில் உள்ள சைவச் சுவடிகள் 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. துய்மா வீதியில் கீழைநாட்டு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் நூலகம் இருக்கிறது. இலாசுப்பேட்டைக்குச் சென்றால் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரி ஆவண மையம். காலாப்பட்டுக்குச் சென்றால் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர் தாங்கிய நூலகம். இவற்றோடு கல்லூரிகள்தோறும் உள்ள நூலகங்களையும் சேர்த்து எண்ணினால், இந்த அளவுள்ள ஊர்களில் இத்தகைய வளம் பெற்றவை மிகச் சிலவே எனலாம்.

ஆயினும் நம்மிடம் ஒரு குறை உண்டு. நூலகங்கள் அருகருகே இருக்கின்றன. நூலகர்களோ ஒருவர்க்கொருவர் தொலைவில் இருக்கின்றனர். ஒரு நூலகத்தின் அலமாரியில் என்ன உள்ளது என்பதை அடுத்த தெருவில் உள்ள நூலகர் அறிய வாய்ப்பில்லை. இக்குறை நூலகர்களின் தனிக்குறையன்று. அவர்களை அவ்வாறு வைத்திருக்கும் நம் எல்லோருடைய குறை. இதனைக் களைவது எவ்வாறு என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விழைவது.

ஒரு மாணவரின் வழி

வரலாறு பயிலும் மாணவர் ஒருவர், 1936 சூலை 30ஆம் நாள் புதுவையில் நிகழ்ந்த தொழிலாளர் எழுச்சியை ஆய்வுப் பொருளாகக் கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்று சவானா ஆலைத் தொழிலாளர் மீது நடத்தப்பெற்ற துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிர் நீத்தனர். அதன் பின்னரே, 1937ஆம் ஆண்டில், எட்டு மணி நேர வேலை என்னும் உரிமை இவ்வூர்த் தொழிலாளருக்குச் சட்டவழிக் கிடைத்தது. இந்நிகழ்ச்சியை ஆராய அம்மாணவர்க்கு வேண்டுவன யாவை? மக்கள் தலைவர் வ. சுப்பையா 1934ஆம் ஆண்டில் தொடங்கிய 'சுதந்திரம்' இதழ் வேண்டும். பிரெஞ்சு அரசின் அரசிதழும் கடிதப் போக்குவரத்தும் வேண்டும். அந்நாளைய சென்னை நாளிதழ்கள் வேண்டும். தொழிற்சங்கத்தார் எழுதிய நினைவுக் குறிப்புகள் வேண்டும். தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் என மூன்று மொழிகளில், பல கட்டடங்களில் இவை சிதறிக் கிடக்கின்றன.

அரசு ஆவணங்களின் நிலை இன்னும் சிக்கலானது. 1956 மே 28ஆம் நாள் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி, வரலாற்று மதிப்புடைய ஆவணங்கள் பிரான்சின் பொறுப்பிலும், ஆட்சி நடத்தத் தேவையானவை இந்தியாவின் பொறுப்பிலும் வைக்கப்பெற்றன. எனவே ஒரே செய்தியின் ஒரு பாதி பிரான்சு நாட்டு எக்ஸ் நகரின் ஆவணக் காப்பகத்திலும், மறுபாதி இங்கும் இருக்கக்கூடும். எந்தப் பாதி எங்கே என்பதை மாணவர் தாமே கண்டறிவது அரிது. வழிகாட்ட வேண்டியவர் நூலகர். அந்நூலகரோ தம் அறையை விட்டு வெளியே சென்று பார்த்திராதவராயின் அவர் எங்ஙனம் வழிகாட்டுவார்?

பெயரிலேயே ஒரு பூட்டு

இங்கு ஒரு சிறு செய்தியைக் குறிப்பிடுதல் தகும். பிரெஞ்சு எழுத்தர்கள் தமிழ்ப் பெயர்களைத் தம் செவிக்கேற்ப எழுதினர். 'பிள்ளை' என்பது அவர்தம் ஏடுகளில் 'புல்லே' என்று ஒலிக்கும்படி எழுதப்பட்டது. உகர ஒலிக்கு அவர்கள் இரண்டு உயிரெழுத்துகளைச் சேர்த்து எழுதினர். ஆகவே சுப்பராயன் என்னும் பெயரை ஆங்கில முறையில் எழுத்துக்கூட்டித் தேடுகிற மாணவர்க்குப் பிரெஞ்சுப் பட்டியலில் அப்பெயர் அகப்படாது. 'இல்லை' என்று எண்ணித் திரும்பிவிடுவார். பிரெஞ்சு ஆவணங்களோடு பழகிய நூலகர்க்கு இது நாள்தோறும் கைவந்த செய்தி. கல்லூரி நூலகர்க்கு இதனைக் கற்பிக்க ஓர் அரைநாள் போதும். அந்த அரைநாள் கிடையாமையால் எத்தனை ஆய்வுகள் பாதியில் நின்றிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பணிவளர்ச்சி என்று நாம் சொல்வது இத்தகைய கல்வியையே. இன்று நூலகர்க்குப் பயிற்சி என்றால் பெரும்பாலும் கணினிப் பயிற்சி என்றாகிவிட்டது. அது வேண்டியதே. கோகா, சோல், இ-கிரந்தாலயா போன்ற மென்பொருள்களைக் கையாளத் தெரியாமல் இக்காலத்தில் நூலகம் நடத்த இயலாது. ஆனால் பட்டியலை எவ்வாறு அடிப்பது என்று அறிவது வேறு. எதைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று அறிவது வேறு. சமூக அறிவியலின் மூலங்கள் நூல்களாக மட்டும் வருவதில்லை. மக்கள்தொகைக் கணக்கு, நீதிமன்றத் தீர்ப்பு, துண்டு வெளியீடு, சங்க ஆண்டறிக்கை, கடைக் கணக்கேடு ஆகியனவெல்லாம் அதன் மூலங்களே. இவற்றை அறிந்தவர் அறியாதவர்க்குச் சொல்லும் வழி, நேரில் கூடுதலே.

முன்னோர் காட்டிய நெறி

இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதன் புதுவைக்குத் தெற்கே உள்ள சீர்காழியில் 1892ஆம் ஆண்டில் பிறந்தவர். கணிதப் பேராசிரியராக இருந்த அவர் 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். தொடக்கத்தில் அப்பணி அவருக்குச் சலிப்பையே தந்தது. மீண்டும் வகுப்பறைக்கே திரும்ப விரும்பினார். இலண்டனுக்குச் சென்று நூலகவியல் பயின்றதும், அந்நாட்டு நூலகங்கள் பலவற்றை நேரில் கண்டதுமே அவர் மனத்தை மாற்றின. திரும்பி வந்தவர் 1928ஆம் ஆண்டில் சென்னை நூலகச் சங்கம் உருவாகக் காரணமாயிருந்தார். அடுத்த ஆண்டே நூலகர் பயிற்சியைத் தொடங்கினார். உலகறிந்த ஐந்து விதிகள் 1931ஆம் ஆண்டில்தான் நூலாயின. முதலில் பிறர் நூலகங்களைக் கண்டது, பின்னர்ச் சங்கம், அதன் பின்னரே நூல். இவ்வரிசை நம் கருத்தில் இருக்க வேண்டும்.

நாட்டளவிலும் இதற்கு வழி இல்லாமல் இல்லை. 1969ஆம் ஆண்டில் அமைந்த இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு, தில்லியில் சமூக அறிவியலுக்கென ஓர் ஆவண மையத்தை நடத்தி வருகிறது. 1988ஆம் ஆண்டில் தில்லி நூலகங்களை இணைக்கத் தொடங்கிய டெல்நெட் பின்னர் நாடு முழுவதும் விரிந்தது. 1991ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு தொடங்கிய இன்ஃப்ளிப்நெட், பல்கலைக்கழகங்களின் நூற்பட்டியலையும் ஆய்வேடுகளையும் ஓரிடத்தில் காண வகை செய்துள்ளது. எனினும் தில்லியையும் காந்திநகரையும் இணைக்கிற கம்பி, நம் ஊரின் இரண்டு தெருக்களைத் தானாக இணைத்துவிடாது. அதனை நாமே செய்தல் வேண்டும்.

"எல்லாம் கைப்பேசியில் கிடைக்கிறதே, இனி நூலகர் எதற்கு?" என்று மாணவ நண்பர் சிலர் கேட்கக்கூடும். கைப்பேசியில் கிடைப்பது, எவரோ ஒருவர் தேடியெடுத்து, படியெடுத்து, பெயரிட்டு வைத்தது மட்டுமே. ஒருவரும் தொடாத கட்டு அதில் இராது. ஓரிடத்தில் மட்டும் இருக்கும் பொருள் ஓரிரவில் அழியும் என்பதை 1981ஆம் ஆண்டில் எரியூட்டப்பெற்ற யாழ்ப்பாண நூலகம் நமக்குக் கற்பித்தது. எந்த நூலகத்தில் எது ஒற்றைப் படியாக உள்ளது என்று அறிந்தால்தானே அதனை முதலில் காக்க முடியும்? அதனை அறிவிக்க வல்லவர்கள், ஒன்றுகூடிப் பேசும் நூலகர்களே.

நம் பங்கில் உள்ள பிழை

கல்லூரி ஆசிரியர்களாகிய நாமும் இதில் பிழையுடையோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆய்வுத் தலைப்பை முடிவு செய்த பின்னரே மாணவரை நூலகத்திற்கு அனுப்புகிறோம். முடிவு செய்யுமுன் நூலகரைக் கலந்து பேசுவதில்லை. பாடத்திட்டக் கூட்டத்தில் அவர்க்கு இருக்கை இடுவதில்லை. கருத்தரங்குக்குச் செல்ல அவர் விடுப்புக் கேட்டால், "நூலகத்தைப் பூட்டிவிட்டா போவீர்கள்?" என்று வினவுகிறோம். பல இடங்களில் அவர் தனியொருவராகப் பணியாற்றுகிறார் என்பதும், ஒரு புத்தகம் காணாமற்போனால் அவர்தம் ஊதியத்திற்கே கேடு வருமோ என அஞ்சுகிறார் என்பதும் நமக்குத் தெரியாதவையல்ல. அச்சம் உள்ளவர் அலமாரியைப் பூட்டித்தான் வைப்பார்.

மத்திய அரசின் பொது நிதி விதிகளோ இதில் நம்மினும் பெருந்தன்மை உடையன. ஓராண்டில் எடுத்தாளப்பெற்ற ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல் வரை இழப்பு நேர்வது, நேர்மைக் குறைவோ கவனக் குறைவோ காரணமாக இல்லாதவரை, இயல்பே என்று 2017ஆம் ஆண்டின் விதிகள் ஏற்கின்றன. கல்லூரி நிருவாகங்கள் இந்த அளவையேனும் தம் நூலகர்க்கு வழங்குதல் நன்று. நூலகரைக் காவற்காரராக வைத்திருக்கும் வரையில் அவர் ஆசிரியராக வளர இயலாது.

செய்யத்தக்கவை

நாம் முன்வைப்பவை பெருஞ்செலவுக்கு உரியவை அல்ல. முதலாவதாக, புதுவை நகரில் சமூக அறிவியல் நூல்களைப் பேணும் நூலகர்கள் திங்களுக்கு ஒருமுறை, முறைவைத்து ஒரு நூலகத்தில் கூடட்டும். மாலையும் மேடையும் வேண்டா. அந்நூலகத்தார் தம் அலமாரிகளைக் காட்டி, தம்மிடம் உள்ளதையும் இல்லாததையும் எடுத்துரைத்தால் போதும். அந்நாள் விடுப்பாகக் கருதப்படாமல் பணிநாளாகக் கருதப்படல் வேண்டும்.

இரண்டாவதாக, ஒரே ஒரு பொருளில் கூட்டுப் பட்டியல் ஒன்று தொடங்கப்பெறட்டும். புதுவையின் சமூக வரலாறு என்பதே அதற்கு ஏற்ற பொருள். ஒவ்வொரு பெயரும் தமிழிலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எவ்வாறு எழுதப்பெற்றுள்ளது என்பதும் அதில் இடம்பெறட்டும்.

மூன்றாவதாக, ஒரு நூலகர் தரும் அறிமுகக் கடிதத்தை மற்றோர் நூலகம் ஏற்று மாணவரை அமர்ந்து படிக்க இசையட்டும். நான்காவதாக, ஓய்வுபெறும் நூலகர் விடைபெறுமுன், தாம் மனத்தில் வைத்திருக்கும் குறிப்புகளை எழுதிக்கொடுக்க ஒரு மாதம் ஒதுக்கப்படட்டும். முப்பது ஆண்டுப் பழக்கத்தால் வந்த அறிவு, பொன்னாடையோடு வீட்டிற்குச் சென்றுவிடலாகாது.

பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

சமுதாயப் பெரியோர்களும் இப்பணியில் பங்குகொள்ள வேண்டும். புதுவை, காரைக்கால் முஸ்லிம் குடும்பங்கள் பல, பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சைகோன் முதலிய ஊர்களுக்கு வணிகம் செய்யச் சென்றன. அங்கிருந்து வந்த கடிதங்கள், கடைக் கணக்குகள், கப்பல் பயணச் சீட்டுகள், அரபுத் தமிழில் எழுதிய ஏடுகள் முதலியன நம் வீட்டுப் பரண்களிலும் பெட்டகங்களிலும் இன்னும் கிடக்கக்கூடும். இவை குடும்பச் சொத்து மட்டுமல்ல. நம் சமூகத்தின் வரலாறு.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு நமக்கு நல்ல சான்று. 1736 முதல் 1761 வரை எழுதப்பெற்ற அது, அவர் மறைந்து எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக வெளியுலகம் அறியாமற் கிடந்தது. 1846ஆம் ஆண்டில் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அதனைக் கண்டறிந்து படியெடுத்தார். 1904 முதல் 1928 வரை அதன் ஆங்கில மொழிபெயர்ப்புப் பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னை அரசால் வெளியிடப்பெற்றது. அக்குடும்பத்தார் அதனைக் காத்திராவிடில், மற்றொருவர் தேடிச் சென்றிராவிடில், பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுவையின் வாழ்வை ஒரு தமிழர் வாய்மொழியாக நாம் கேட்டிருக்க முடியாது.

ஏடுகளைக் கொடுத்துவிட்டால் அவை திரும்ப வாராவோ என்ற தயக்கம் இயல்பானதே. இக்காலத்தில் அவற்றைக் கைவிட வேண்டியதே இல்லை. ஒளிப்படமாகப் பதிந்துகொண்டு மூல ஏட்டை உரியவரிடமே திருப்பித் தரும் முறை இன்று பரவலாக உள்ளது. நூலகர்கள் ஒரு குழுவாக வந்து கேட்டால் நம்பிக்கையும் பிறக்கும். ஒருவர் தனியே வந்து கேட்டால் எவரும் பெட்டியைத் திறவார்.

கட்டடம் எழுப்ப நன்கொடை திரட்டுவதில் நம் சமுதாயம் எந்நாளும் பின்வாங்கியதில்லை. இப்போது வேண்டுவது பொருளன்று; திங்களில் ஒரு நாள், ஓர் அழைப்பு, ஓர் அறிமுகக் கடிதம். முதற்கூட்டத்தை நம் கல்லூரி நூலகத்திலேயே கூட்டலாம். அடுத்த தெருவின் நூலகர்க்கு நம் கதவைத் திறந்து வைப்போம். அவர்தம் கதவும் நம் மாணவர்க்குத் திறக்கும்.